இடப்பக்கம் சுவிட்ச்

இதைப் படித்து முடித்துவிட்டு, "கதை நன்றாக இருக்கிறது" என்று மட்டும் தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள். கதையாக இருந்திருந்தால் நான் இந்நேரம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். போலீசில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலத்திலும் இதேதான் இருக்கிறது. ஒரே ஒரு ஆளைத் தவிர.

"அந்தப் பொம்பளையை மட்டும் விட்டுடுங்கம்மா. கோர்ட்டுல நிக்காது" என்றார் இன்ஸ்பெக்டர்.

விட்டுவிட்டேன். இங்கே விடப்போவதில்லை.

நான் படித்தது பி.காம். கட்டிக்கொண்டது சாவிக்கடைக்காரரை. வீட்டை எதிர்த்துச் செய்துகொண்ட கல்யாணம் என்பதால், "கணக்கு எழுத வேண்டியவ கம்பியைப் பிடிச்சிட்டாளே" என்று அம்மா இன்றைக்கும் புலம்புவாள். என் கணவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. 'பி.காம்' என்றுதான் கூப்பிடுவார். சாவி அறுப்பது, பூட்டு பிரிப்பது, சாவி இல்லாத கதவை வளைந்த கம்பி விட்டுத் திறப்பது... எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். போன மாதம் கடை ஷட்டர் அவர் வலது கைமேல் விழுந்து, முழங்கை வரை மாவுக்கட்டு. அதிலிருந்து வெளிவேலைக்கெல்லாம் நான்தான் கம்பி எடுத்தேன். அவர் கூட வந்து வாய் மட்டும் பேசுவார். "கை உன்னுது, வாய் என்னுது. இதுவரைக்கும் வீட்டுல எல்லாம் தலைகீழா இருந்துச்சு" என்பார்.

எங்கள் தொழிலில் பூட்டைத் திறப்பது கஷ்டமில்லை. யாருக்காகத் திறக்கிறோம் என்பதுதான் கஷ்டம். சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் ஊரில் ஒரு சாவிக்காரர், அழுதுகொண்டு வந்த ஒரு பெண்ணுக்கு இரக்கப்பட்டுக் கதவைத் திறந்துவிட்டார். அது அவள் வீடே இல்லை. வீட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாவிக்காரர் ஜெயிலுக்குப் போனார். கடை போயிற்று. அவர் மகளுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணமும் போயிற்று.

அதற்குப் பிறகு ஊரிலுள்ள சாவிக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்து ஒரு முடிவு செய்தோம். திறக்கச் சொல்பவர் விலாசம் போட்ட அடையாள அட்டை காட்ட வேண்டும். இல்லையென்றால், பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்ல வேண்டும். அதுவும் இல்லையென்றால், கதவைத் திறந்ததும் இடப்பக்கம் என்ன இருக்கும், வலப்பக்கம் என்ன இருக்கும் என்று திறப்பதற்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். சொன்னது ஒன்று மாறினாலும் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டியது. கண்ணீரைப் பார்க்கக் கூடாது.

அன்று மழை. சாயங்காலம் ஆறு நாற்பது. ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். அதற்குக் கீழே இரண்டு வெறுங்கால்கள் தெரிந்தன.

குனிந்து பார்த்தேன். சாம்பல் நிற நைட்டியில் ஒரு பெண். உயரம். முப்பது வயதிருக்கும். இடது புருவத்தின் நடுவில் பழைய வெட்டுக்காயம். கூரையின் விளிம்புக்கு வெளியேதான் நின்றாள். ஆனால் நைட்டி நனையவில்லை. மழை இப்போதுதான் வலுத்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

"கதவு திறக்கணும்" என்றாள்.

"எந்த வீடும்மா?" என்றார் என் கணவர்.

"நாலாவது மாடி. கடைசி வீடு."

"அது சரி. எந்தத் தெருவுல நாலாவது மாடி?"

அவள் யோசித்தாள். "ஜன்னல்ல பார்த்தா பச்சைத் தண்ணித்தொட்டி தெரியும். பக்கத்துல ஒரு டவர். அதுல சிவப்பு லைட்டு. ராத்திரி முழுக்க மினுக்கும்."

"தெருவைக் கேட்டா வானத்தைக் காட்டறாங்களே" என்று இவர் என் காதருகில் முணுமுணுத்தார்.

"சாவி தொலைஞ்சு போச்சா?" என்று நான் கேட்டேன்.

"சாவி எனக்குக் கிடையாது."

சொல்லிவிட்டு, எங்கள் சுவரில் வரிசையாகத் தொங்கும் அறுக்காத சாவிகளைப் பார்த்தாள். பொம்மைக்கடை வாசலில் நிற்கும் குழந்தை பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"தங்கச்சி உள்ள இருக்கா. தண்ணி குடிச்சு மூணு நாளாச்சு. இப்பக் கூப்பிட்டா எழுந்திருக்க மாட்டேங்கறா."

பாதி இறக்கிய ஷட்டரை மேலே தள்ளினேன். "ஐயோ, போலீசுக்குச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன். யாருக்கும் கேக்கலை."

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். ஜெயிலுக்குப் போன சாவிக்காரரும் இப்படித்தான் இரக்கப்பட்டுப் போயிருப்பார். அதுவும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

"போய்ப் பார்ப்போம். மூணு கேள்வியையும் கேப்போம். சரியில்லன்னா திரும்பிடுவோம்" என்றார். பச்சைத் தொட்டி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பழைய மில்லுக்குப் பின்னால் புதிதாக வந்த குடியிருப்பு.

"எப்படி வர்றீங்க? வண்டியில மூணு பேர் ஏற முடியாது" என்றேன்.

"நீங்க போங்க. நான் அங்கதான் இருப்பேன்."

அந்தக் கட்டடத்தில் பாதி வீடுகள் இன்னும் விற்கவில்லை. லிப்டுக்கு வைத்திருந்த இடம் வெறும் பள்ளமாக இருந்தது. பலகை அடித்து மறைத்திருந்தார்கள். படியேறினோம். மூன்றாவது மாடியில் இவருக்கு மூச்சு வாங்கியது. "இந்தக் கைக்கு மாவுக்கட்டு போட்டதுக்குக் காலுக்குப் போட்டிருந்தா வீட்டுலயாவது உக்காந்திருப்பேன்" என்றார்.

ஏழு பதினைந்துக்கு நாலாவது மாடி.

அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, எங்களைப் பார்த்தபடி. மூச்சு வாங்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் மழையில் ஊறிப்போயிருந்தோம். அவள் காலடியில் ஈரம்கூட இல்லை.

"குறுக்கு வழி இருந்தா எங்களுக்கும் சொல்லக் கூடாதா?" என்று இவர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை.

அழைப்பு மணியை அழுத்தினேன். உள்ளே அடித்தது கேட்டது. கதவைத் தட்டினேன். காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை.

"அடையாள அட்டை?"

"உள்ள இருந்தது. இப்ப எங்கன்னு தெரியாது."

அந்த மாடியில் இருந்த மற்ற மூன்று கதவுகளிலும் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் கிழிக்கவில்லை. ஆள் குடிவராத வீடுகள். விசாரிக்க ஒருவரும் இல்லை. மிச்சமிருந்தது ஒரு கேள்விதான்.

"கதவுகிட்ட இடப்பக்கம் என்ன இருக்கும், வலப்பக்கம் என்ன இருக்கும்? பார்த்துச் சரியாச் சொல்லுங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பல வருஷமாய் மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

"இடப்பக்கம் சுவிட்ச். மூணு சுவிட்ச். நடுவுல இருக்கறது வேலை செய்யாது. அதுக்குக் கீழ செருப்பு ஸ்டாண்டு. ஆம்பளைச் செருப்பு மட்டும். வலப்பக்கம் நீல நாற்காலி. மேல கடிகாரம். அது நின்னு போச்சு."

இவ்வளவு நுணுக்கமாக இதுவரை யாரும் சொன்னதில்லை. என் மனது இளகியது. பையைத் திறந்து கம்பிகளை எடுத்தேன்.

"ஏய் பி.காம். இங்க பாரு" என்றார் இவர். டார்ச் வெளிச்சம் கதவிலிருந்த லென்ஸ்மேல் நின்றது.

வீட்டுக்குள்ளிருந்து வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதற்காகக் கதவில் பொருத்துவார்களே, அந்த லென்ஸ். இங்கே திருப்பிப் பொருத்தியிருந்தது. வெளியில் நிற்பவருக்கு வீட்டின் உள்ளே தெரியும்.

"எந்தப் புண்ணியவான் மாட்டினானோ. உள்ள எது, வெளிய எதுன்னு தெரியாதவன்" என்றார்.

எங்களுக்கு வசதியாகப் போயிற்று. கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சின்ன இரவு விளக்கு எரிந்தது. கூடம். யாரும் இல்லை. செருப்பு ஸ்டாண்டு இருந்தது. நீல நாற்காலி இருந்தது. கடிகாரம் இருந்தது. மூன்று சுவிட்ச் இருந்தது.

எல்லாம் இருந்தன. எல்லாம் மாறி இருந்தன.

சுவிட்சும் ஸ்டாண்டும் வலப்பக்கம். நாற்காலியும் கடிகாரமும் இடப்பக்கம்.

யாரோ சொல்லிக் கொடுத்ததைத் தப்பாக ஒப்பித்திருக்கிறாள். நான் கம்பிகளைப் பைக்குள் போட்டேன். ஏமாற இருந்தோமே என்ற கோபத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"இடம் வலம் ரெண்டும் மாறியிருக்கு. இது உங்க வீடு இல்லை."

அவளுக்குக் கோபமே வரவில்லை.

"இடப்பக்கம்தான் சுவிட்ச்" என்றாள். "தினமும் பார்க்கறேனே."

அப்போது படியில் காலடிச் சத்தம். நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம். மடக்கிய குடையோடு ஒருவர் ஏறி வந்தார். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி. ஒரு கையில் கனமான பை. இன்னொரு கையில் சாவிக்கொத்து.

"யாருங்க நீங்க? என் வீட்டு வாசல்ல?"

"இந்தம்மாதான் கூப்பிட்டாங்க..." என்று திரும்பினேன்.

யாரும் இல்லை.

நடையின் கோடி வெறும் சுவர். இறங்க ஒரே படிக்கட்டு. அதில்தான் அவர் நின்றிருந்தார்.

"எந்தம்மா?" என்றார்.

இவர் சமாளித்து, நடந்ததைச் சொன்னார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார். உடனே அட்டையை எடுத்துக் காட்டினார். விலாசம் சரியாக இருந்தது. நான் அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார். "திறந்தா வலப்பக்கம் சுவிட்ச், அதுக்குக் கீழ செருப்பு ஸ்டாண்டு. இடப்பக்கம் ஒரு நீல நாற்காலி. போதுமா மேடம்? நான் தனி ஆள். தங்கச்சியும் இல்ல, அக்காவும் இல்ல."

எல்லாக் கேள்விக்கும் சரியான பதில்.

"மன்னிச்சிடுங்க சார்" என்றார் இவர்.

"அட, இதுல என்ன இருக்கு? உங்களை மாதிரி நாலு பேர் விசாரிச்சு வேலை செஞ்சா ஊர்ல திருட்டே இருக்காது" என்று தட்டிக் கொடுத்தார். பிறகு, "ஆமா, நீங்களே வந்துட்டீங்க. உள் ரூமுக்கு ஒரு பூட்டு மாத்தணும். வெளிப்பக்கமாப் பூட்டற மாதிரி. நாளைக்கு வருவீங்களா?" என்றார்.

"உள் ரூமுக்கு வெளிப்பூட்டா?"

"சாமான் போடற ரூம். எலித் தொல்லை."

இவர் சரி என்று தலையாட்டினார். கனமான பையை அந்த மனிதர் கை மாற்றினார். பையின் வாயில் வெள்ளை சிமெண்டும் ஒரு சின்னப் பூச்சுக் கரண்டியும் தெரிந்தன. நாங்கள் பார்ப்பதைப் பார்த்தார்.

"பாத்ரூம்ல டைல்ஸ் பெயர்ந்திருக்கு" என்றார்.

நாங்கள் படியில் இறங்கும்வரை அவர் கதவைத் திறக்கவில்லை. இரண்டாவது மாடிக்கு வந்த பிறகுதான் மேலே சாவி திரும்பும் சத்தம் கேட்டது. திறந்தது. மூடியது. தானாகவே பூட்டிக்கொண்டது.

கீழே எங்கள் ஸ்கூட்டரை மறித்து ஒரு காரை நிறுத்தியிருந்தார்கள். நான் ஏறி உட்கார்ந்தேன். இவர் எதிரே நின்று, நல்ல கையை ஆட்டி வழி சொன்னார்.

"வா... வா... இடது பக்கம் ஒடி. இடது... இடது!"

ஒடித்தேன். தூணில் இடித்தது.

"இடதுன்னா இந்தப் பக்கம்! பி.காம்ல இதெல்லாம் சொல்லித்தரலையா?"

"என் இடது இதுதாங்க."

"நான் என் இடதைச் சொன்னேன்."

"எதிர்ல நின்னுக்கிட்டு உங்க இடதைச் சொன்னா எனக்கு எப்படி..."

வண்டியை அணைத்தேன்.

எதிரில் நின்றுகொண்டு.

அவள் தப்பாகச் சொல்லவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள். உள்ளே நின்று, பூட்டிய கதவைப் பார்க்கிறவளுக்குச் சுவிட்ச் இடப்பக்கம்தான். அவளுக்கு அந்தக் கதவை உள்ளிருந்து பார்த்துத்தான் பழக்கம். ஜன்னலில் தெரிவதைத் தவிர வேறு விலாசம் தெரியாது. சாவி அவளுக்குக் கிடையாது. தொலைக்கவில்லை... கிடையாது.

லென்ஸையும் யாரும் தெரியாமல் மாட்டவில்லை. வெளியே நின்று உள்ளே ஒருத்தியைப் பார்ப்பதற்காக மாட்டியிருக்கிறார்கள்.

தட்டுத்தடுமாறி இவரிடம் சொன்னேன்.  இவர் உடனே இடது கையால் போலீசுக்குப் போன் போட்டார்.

"வர்றாங்களாம். கீழயே நிக்கச் சொன்னாங்க."

"தண்ணி குடிச்சு மூணு நாளாச்சுன்னு சொன்னாளே."

"அவன் மேல இருக்கான். எனக்கு ஒரு கைதான் இருக்கு."

"எனக்கு ரெண்டு இருக்கு. வாங்க."

ஏழு நாற்பத்தெட்டு. மறுபடியும் நாலாவது மாடி.

கதவு மூடியிருந்தது. உள்ளே பேச்சுக் குரல் இல்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு லென்ஸில் கண்ணை வைத்தேன்.

அந்த மனிதர் கூடத்தின் நடுவில் நின்றிருந்தார். முதுகு எங்கள் பக்கம். பை கீழே கிடந்தது. வெள்ளை சிமெண்ட் தரையெல்லாம் கொட்டியிருந்தது.

அவருக்கு முன்னால்... அவள்.

அதே சாம்பல் நைட்டி. கைகளைத் தொங்கப் போட்டபடி நின்றாள். எதுவும் செய்யவில்லை. சும்மா நின்றாள்.

அவர் ஒரு அடி பின்னால் வைத்தார்.

அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள்.

இன்னொரு அடி.

அவர் முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. வெள்ளைச் சட்டை லென்ஸ் முழுவதையும் அடைத்தது. பிறகு இருட்டு.

டம்.

அவர் முதுகு கதவில் மோதிய சத்தம். சாவிக்கொத்து குலுங்கியது. பூட்டில் உரசியது. கை நடுங்குகிறவன் சாவித் துளையைத் தேடும் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

ணங்.

சாவி கீழே விழுந்துவிட்டது.

"யாராவது இருக்கீங்களா?"

அதே குரல்தான். ஆனால் சிரிப்பில்லை.

"கதவைத் திறங்க... உதவி பண்ணுங்க... ஐயோ, திறங்க!"

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "திறக்காத. வேண்டாம். எது உள்ள இருக்குன்னு தெரியாது."

"அவனுக்காக இல்லங்க. உள்ள ஒருத்தி இருக்கா."

"அவ உயிரோட இருக்காளோ என்னவோ..."

"இருந்தா?"

கையை விட்டார். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எனக்கு வெளிச்சம் காட்டினார்.

மண்டியிட்டேன். கம்பியை விட்டேன். பூட்டுக்குள் இருக்கும் ஐந்து ஊசிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்தினால்தான் பூட்டு திரும்பும்.

என் தலைக்கு மேலே கதவு அதிர்ந்தது. நகத்தால் பிறாண்டுகிற சத்தம். ஒரு ஊசி ஏறும்... நழுவும். மறுபடி ஏறும்... நழுவும்.

"விட்டுடு... நான் ஒண்ணும் பண்ணல... விட்டுடு..."

அது எங்களிடம் சொன்னது இல்லை.

மூன்றாவது ஊசி.

"திறங்க..."

நாலாவது.

சத்தம் நின்றுவிட்டது.

மழைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. கதவின் அடி இடுக்கிலிருந்து என் முழங்காலில் குளிர்ந்த காற்று பட்டது. கதவுக்கு அந்தப் பக்கம், என் முகத்துக்கு நேராக, யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"சீக்கிரம்."

பெண் குரல்.

ஐந்தாவது ஊசி உட்கார்ந்தது. பூட்டு திரும்பியது.

கதவு முழுதாகத் திறக்கவில்லை. ஏதோ தடுத்தது. இரண்டு பேரும் தோள் கொடுத்துத் தள்ளினோம்.

அவர்தான். மண்டியிட்டு, நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டு. கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் திறந்திருந்தன. மூச்சில்லை. சாவிக்கொத்து அவர் கால் விரலருகில் கிடந்தது. கதவின் உட்பக்கம் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகடு. சாவித் துளை மட்டும்.

சிமெண்டில் அவருடைய காலடித் தடம் இருந்தது. பின்னால் பின்னால் நடந்து வந்த தடம். அவருக்கு எதிரே தரை பூசியதுபோல் அப்படியே இருந்தது. ஒரு தடம்கூட இல்லை.

கூடத்தில் அவள் இல்லை. சமையலறையில் இல்லை. குளியலறையில் இல்லை.

உள் அறையின் வெளித் தாழ்ப்பாளை இழுத்தேன்.

பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி தரையில் சுருண்டு கிடந்தாள். உதடெல்லாம் வெடித்திருந்தது. என் துப்பட்டாவை நனைத்து வாயில் பிழிந்தேன். தொண்டை அசைந்தது. உயிர் இருந்தது.

போலீஸ் வந்தபோது எட்டு பத்து. அவளைத் தூக்கும்போது என் கையை விடவில்லை. ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் முதலில் சொன்னது, "கதவைச் சாத்தாதீங்க." இரண்டு நாள் அந்த வார்டு கதவை நர்ஸ்கள் சாத்தவில்லை.

வேலை தேடி வெளியூரிலிருந்து வந்தவள். பஸ் நிலையத்தில் வழி கேட்டாளாம். கண்ணாடி போட்ட ஒருவர், அட்டையெல்லாம் காட்டி, தெரிந்த இடத்தில் வேலை வாங்கித் தருவதாகக் கூட்டிவந்திருக்கிறார். "ரொம்ப மரியாதையாப் பேசினாருக்கா" என்றாள். எங்களிடமும் அப்படித்தான் பேசினார்.

அந்த மனிதரின் இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதினார். பயமா என்று கேட்டேன். "அதெல்லாம் நாங்க எழுதறதில்லம்மா" என்றார்.

குளியலறையில் டைல்ஸ் எதுவும் பெயர்ந்திருக்கவில்லை. ஆனால் ஒரு மூலையில் மட்டும் நிறம் லேசாக மாறியிருந்தது. போலீஸ் பெயர்த்துப் பார்த்தார்கள். கீழே ஒரு பெண் இருந்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றார்கள். காணாமல் போனவர்களின் படங்களை இன்ஸ்பெக்டர் என் முன்னால் பரப்பினார். நான் தேடவே வேண்டியிருக்கவில்லை. உயரமான பெண். இடது புருவத்தின் நடுவில் வெட்டுக்காயம். இவர் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய் வெகுநேரம் நின்றார்.

இதெல்லாம் நடந்து மூன்று வாரம் ஆகிறது. மனதில் பயம் இருந்தாலும், ஒரு ஆறுதலும் இருந்தது. கடைசியில் சரியான ஆளைத்தானே நம்பினோம். அவள் இனி யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை... அப்படித்தான் நேற்று வரை நினைத்திருந்தேன்.

நேற்று சனிக்கிழமை. சாவிக்காரர்கள் கூடும் நாள். கடைகளை அடைத்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். பஸ் நிலையத்துக் கடைக்காரர் எதற்கெடுத்தாலும் சிரிப்பார். அதனால் சிரிப்பண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நேற்று அவர் சிரிக்கவில்லை. டீயை ஆற விட்டுக்கொண்டு என்னையே பார்த்தார்.

"ஏம்மா, அந்தப் பொண்ணு குட்டையா இருந்துச்சா? கன்னத்துல தீக்காயம்?"

"இல்லண்ணே. உயரம். புருவத்துல வெட்டு."

"வெறுங்கால்தானே?"

"ஆமா."

"மழையில நின்னும் நனையலையே?"

டீக்கடையில் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"என்கிட்ட ஒருத்தி வந்தா" என்றார். "கதவு திறக்கணும்னா. எந்த வீடுன்னு கேட்டேன். தெரியலைன்னா. ஜன்னல்ல பார்த்தா ரயில் பாலம் தெரியும், அடியில தண்ணி ஓடும், அவ்வளவுதான் தெரியும்னா. விலாசமே தெரியாதவளுக்கு எந்த வீட்டைத் திறக்கறது? பைத்தியம்னு நினைச்சு ஷட்டரை இறக்கிட்டேன்."

"பச்சைத் தொட்டி சொல்லலையா?"

"இல்லம்மா. பாலம்தான் சொன்னா. தங்கச்சி உள்ள இருக்கா, தண்ணி குடிச்சு ரெண்டு நாளாச்சுன்னா."

"என்னைக்குண்ணே?" என்றார் என் கணவர்.

அவர் பதில் சொன்னார். யாரும் டீயைக் குடிக்கவில்லை. அப்படியே எழுந்தோம்.

இன்ஸ்பெக்டரிடம் போனோம். "ஜன்னல்ல பாலம் தெரியுதுன்னு ஒரு பேய் சொல்லுச்சுன்னு நான் எப்படிம்மா கேஸ் எழுதுவேன்?" என்றார். ஆனாலும் இரண்டு போலீஸ்காரர்களை அனுப்பினார். நாங்கள் ஐந்து கடைக்காரர்களும் நேற்று ராத்திரியிலிருந்து பாலத்தைச் சுற்றி அலைகிறோம். பாலத்தைப் பார்த்த ஜன்னல்கள் இரண்டு கரையிலும் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறோம். உள்ளே காலடி கேட்கும். லென்ஸில் வெளிச்சம் மறையும். யாரோ எங்களைப் பார்ப்பார்கள். நாங்கள் கெஞ்சுவோம். மறுபடி லென்ஸில் வெளிச்சம் வரும். காலடி உள்ளே போய்விடும்.

யாரும் திறப்பதில்லை. முன்பின் தெரியாதவர்களுக்கு யார் கதவைத் திறப்பார்கள்?

பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த இடைவெளியில் இதை எழுதுகிறேன். சாப்பிட முடியவில்லை. கீழே இவர் வண்டியருகில் நின்று ஹாரன் அடிக்கிறார்.

அவள் சிரிப்பண்ணன் கடைக்கு வந்தது செவ்வாய்க்கிழமை.

இன்று ஞாயிறு.